ஸ்பிரிங்கா, ஷாக்கா, லிங்க்கா? ரோட்டு காரின் லாஞ்சுக்கு எதில் கை வைப்பது

பவரை ஏற்றி முடித்த பிறகுதான் பலருக்கும் சஸ்பென்ஷன் ஞாபகம் வருகிறது. எஞ்சின் தயார், டயரும் நல்ல டயர். ஆனால் 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் ரேஸில் பச்சை விளக்கு விழுந்து கார் பாயும் கணத்தில், அதாவது லாஞ்சில், பின் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விடுகிறது. ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்: முன் ஸ்பிரிங்கை மெதுவாக்கு (மிருதுவாக்கு), ஷாக்கை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை) மாற்று, பின் ஆக்சிலைப் பிடிக்கும் லிங்க்குக்கு பிராக்கெட் போடு, முன் ஸ்வே பாரை (வளைவில் பாடி சாய்வதைத் தடுக்கும் தண்டை) கழற்றி வீசு. நான்குமே ஏதாவது ஒரு காரில் பலன் தந்தவைதான். ஞாயிறு ட்ராக்கில் ஓட்டிவிட்டு, திங்கள் அதே காரில் வேலைக்குப் போகிறவருக்கு எது சரிவரும் என்பதுதான் இங்கே கேள்வி. நான் ஷாக் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

கார் பாயும்போது முன்னிருந்து பின்னுக்குப் போகும் எடையைக் கண்டுபிடிப்பது எளிது. காரின் எடையை ஈர்ப்பு மைய உயரத்தாலும் முடுக்கத்தாலும் பெருக்கி, வீல்பேஸால் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரத்தால்) வகுத்தால் போதும். 1,500 கிலோ கார், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ., வீல்பேஸ் 2.7 மீட்டர், முடுக்கம் 0.7 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.7 பங்கு) என்று வைத்துக்கொண்டால் சுமார் 194 கிலோ பின்னால் போகிறது. இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கே வந்தது? வரவே இல்லை. ஷாக்கும் வரவில்லை. "மெதுவான ஸ்பிரிங் போட்டால் எடை நிறையப் பின்னால் போகும்" என்று காலங்காலமாகச் சொல்லிவருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதை வைத்துச் சொல்வது. மூக்கு உயரத் தூக்குகிறது, அதனால் எடை போய்விட்டது என்று தோன்றுகிறது. சஸ்பென்ஷனை எப்படி மாற்றினாலும் போகும் எடை கிட்டத்தட்ட அதேதான். அது எவ்வளவு வேகமாகப் போகிறது, டயர் மேல் எப்படி வந்து உட்காருகிறது, உட்கார்ந்த பிறகு நிலைக்கிறதா என்பவைதான் மாறும்.

மெதுவான முன் ஸ்பிரிங்

முன் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 360 கிலோ நிற்கிறது என்றும், ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்வோம். மில்லிமீட்டருக்கு 6 கிலோ ஸ்பிரிங் 60 மி.மீ. அமுங்கி நிற்கும். 3 கிலோ ஸ்பிரிங் 120 மி.மீ. அமுங்கி நிற்கும். அதனால் அதே உயரத்தில் கார் நிற்க, மெதுவான ஸ்பிரிங் அதற்கேற்ற நீளத்தில் இருக்க வேண்டும். லாஞ்சில் ஒரு முன் சக்கரத்திலிருந்து 97 கிலோ விலகினால் முதல் கார் 16 மி.மீ. எழும், இரண்டாவது 32 மி.மீ. எழும். பின்பக்கம் ஆடாமல் நின்றால் ஈர்ப்பு மையம் கூடுதலாக ஏறுவது சுமார் 8 மி.மீ. 50 செ.மீ.யில் 8 மி.மீ. என்றால் எடை மாற்றத்தில் கிடைக்கும் லாபம் 3 கிலோ சொச்சம். கார் பூட்டில் கிடக்கும் பழைய டூல் பை இதைவிடக் கனமாக இருக்கும்.

அப்படியானால் மெதுவான ஸ்பிரிங்கால் பயனே இல்லையா? உண்டு. அதிகம் அமுங்கி நிற்பதால் மேலே போக அதற்கு நிறைய இடம் இருக்கிறது, தள்ளும் விசையும் சட்டென்று வடிந்துவிடாது. லாஞ்சுக்குப் பின் முதல் சில மீட்டரில் மூக்கு சீராக எழுகிறது. ஆனால் விலை கொடுக்க வேண்டும். பிரேக் போட்டால் மூக்கு குப்புறப் போகும், வளைவில் கார் சாயும், மேடுபள்ளத்தில் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் அமுங்கும் எல்லையில் இருக்கும் தடுப்புக் கட்டையில்) இடிக்கும். வேலைக்குப் போகும் நாளில் பழைய குணத்துக்குத் திரும்ப நினைத்தால் ஸ்பிரிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதனால் ரோட்டு காருக்கு இது இரண்டாம் இடம்.

ஷாக்: 90/10-ஆ, திருகு வைத்ததா

பழைய ட்ராக் கார்களில் முன்னால் 90/10 ஷாக் போடுவார்கள். மொத்த எதிர்ப்பில் 90 பங்கு அமுங்கும்போது, 10 பங்கு நீளும்போது என்பது கணக்கு. லாஞ்சில் மூக்கு தடையின்றி எழும், எழுந்தது உடனே இறங்காது. வேலை செய்யும், விலையும் மலிவு. ஆனால் ரோட்டில் ஓட்டினால் நரகம். ஒவ்வொரு மேட்டிலும் சட்டென்று நீண்டு, அமுங்க மறுக்கும். தொடர்ச்சியான குண்டுகுழி வந்தால் மூக்கு படிப்படியாக ஏறி, அங்கேயே நிற்கப் பார்க்கும். அந்த நிலையில் பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்காது. ட்ரெய்லரில் ஏற்றி ட்ராக்குக்குக் கொண்டுபோகும் காருக்கு அது சரி. ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிக்கொண்டே திரும்பும் காருக்கு வேண்டாம்.

திருகு வைத்த ஷாக்கில் அதே குணத்தை வேண்டும்போது வரவழைக்கலாம், வேண்டாதபோது அனுப்பிவிடலாம். இதில் சிங்கிள், டபுள் என்று இரண்டு வகை. டபுளில் அமுங்குவதையும் நீளுவதையும் தனித்தனியாகத் திருகலாம். சிங்கிளில் ஒரே குமிழ். வாங்கும்போது அந்தக் குமிழ் எதைத் திருப்புகிறது என்று கேட்டு வாங்குங்கள். நீளுவதை மட்டும் மாற்றும் சிங்கிள் என்றால் முன்பக்கத்துக்கு ஓரளவு போதும். இரண்டையும் சேர்த்தே ஏற்றி இறக்கும் சிங்கிள் என்றால் முன்னால் பிரயோஜனமில்லை. அங்கே தேவை நீள்வதில் தளர்வு, அமுங்குவதில் இறுக்கம். இரண்டும் எதிரெதிர்த் திசை.

2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன் தொழிற்சாலையிலேயே இந்த வழியில்தான் போனது. அதன் டிராக் (drag) மோடில் முன் ஷாக் அமுங்குவதில் இறுக்கம், நீளுவதில் தளர்வு. பின் ஷாக் இரண்டிலும் இறுக்கம். ஆக்சிலரேட்டர் முழுசாக மிதிபட்டிருக்கும் வரை இதே நிலை, காலைத் தூக்கியதும் நான்கும் இறுகிவிடும். அவர்கள் ஸ்பிரிங்கையும் மெதுவாக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் அதை ரோட்டு காராக விற்கும்படி காப்பாற்றியது நிமிடத்தில் குணம் மாறும் அந்த ஷாக்.

செட்டிங் பிடிப்பது கஷ்டமில்லை. பக்கவாட்டில், டயர் உயரத்தில் போனை வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். பார்க்க வேண்டியது இரண்டே இடம்: முன் டயருக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடி விளிம்புக்கும்) உள்ள இடைவெளி, பின்னால் அதே இடைவெளி. முன்பக்கம் படாரென்று எழுந்து, ஷாக் முழு நீளத்துக்கும் போய் மேலே இடித்தால், அந்தக் கணத்தில் மூக்கு கீழே துள்ளும். அதே கணத்தில் பின் டயரின் சுமை குறையும். வீடியோவில் பார்த்தால் டயர் முதலில் நன்றாகப் பிடித்து, கார் ஒன்றிரண்டு நீளம் போன பிறகு திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும். இதைப் பார்த்துவிட்டு "இன்னும் தளர்த்து" என்று சொல்பவர்கள் அநேகம். செய்ய வேண்டியது நேர்மாறு: முன் ஷாக்கின் நீள்தலை ஒவ்வொரு க்ளிக்காக இறுக்க வேண்டும், மூக்கு மெத்தென்று மேலே போய் அங்கேயே நிற்கும் வரை. ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்துத் திருகினால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது.

பலித்ததா என்று சொல்வது முதல் 60 அடி நேரம், அதாவது 18.3 மீட்டர். அங்கே 0.1 வினாடி மிச்சம் பிடித்தால் 402 மீட்டர் கடைசியில் 0.15 முதல் 0.2 வினாடி வரை மிச்சமாகும் என்பது ட்ராக்கில் புழங்கும் கணக்கு. கடைசி வேகத்தைப் பார்த்து லாஞ்ச் செட்டிங்கை எடை போடாதீர்கள்; அது பெரும்பாலும் எஞ்சினின் கதை.

பின்பக்க லிங்க்: சக்தி அதிகம், பக்கவிளைவும் அதிகம்

ஒரே துண்டு ஆக்சில், அதைப் பிடிக்க மேலே இரண்டு, கீழே இரண்டு லிங்க் உள்ள கார்களில் கீழ் லிங்க்கின் பின் முனையை இறக்கிப் போட பிராக்கெட் கிடைக்கிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது மேல் லிங்க்கையும் கீழ் லிங்க்கையும் முன்னோக்கி நீட்டினால் ஓர் இடத்தில் சந்திக்கும். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தச் சந்திப்பு வழியாக ஒரு கோடு போடுங்கள். முன் ஆக்சிலுக்கு நேராக அந்தக் கோடு ஈர்ப்பு மைய உயரத்தில் வெட்டினால் ஆன்டி-ஸ்க்வாட் (பின்பக்கம் குந்துவதை லிங்க் எதிர்க்கும் அளவு) 100 சதவீதம். அதற்குக் கீழே வெட்டினால் லாஞ்சில் பின்பக்கம் குந்தும். மேலே வெட்டினால் பின்பக்கம் எழும்பி, அந்த எழும்பலின் எதிர்வினையால் டயர் தரையில் அழுத்தப்படும்.

இது நிஜமான வித்தியாசம். ஷாக்கால் தர முடியாத அழுத்தத்தை முதல் கணத்திலேயே லிங்க் தரும். இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கீழ் லிங்க்கின் பின் முனை அதிகம் இறங்கினால், வளைவில் பாடி சாயும்போது வெளிப்பக்கப் பின் சக்கரம் பின்னுக்கும் உள்பக்கம் முன்னுக்கும் நகரும். ஆக்சில் தானே ஒரு கோணம் திரும்பி, வண்டியின் வாலை வெளியே தள்ளப் பார்க்கும். மழையில், நெடுஞ்சாலை வளைவில் இதை முதன்முதலாக அனுபவிப்பது நல்லதல்ல. கூடவே கடும் பிரேக்கில் பின் ஆக்சில் தத்தவும் செய்யும். ஆகையால் பிராக்கெட்டில் பல ஓட்டை இருந்தால் முதல் ஓட்டையோடு நிறுத்தி, மீதியை ஷாக்கால் சரிசெய்யுங்கள்.

லிங்க் முனைகளில் மெத்தைபோல இருக்கும் புஷ்ஷில் ரப்பரை எடுத்துவிட்டு பாலியூரிதேன் போடுவதும் வழக்கம். கீழ் லிங்க்குக்கு அது நல்லது. கோணலாகப் போகும் மேல் லிங்க்கில் இரண்டு முனையிலும் அதைப் போட்டால், ஆக்சில் சாயும்போது முறுக இடமில்லாமல் சஸ்பென்ஷன் இறுகிக்கொள்ளும்.

லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை உள்ள கார் என்றால் பிரச்சினையே வேறு. ஆக்சில் முறுகும்போது பட்டை எஸ் போல வளைந்து, திரும்ப விரிந்து, டயர் தத்தும். இதற்கு மலிவான வழி ஸ்லாப்பர் பார்: ஆக்சிலிலிருந்து முன்னோக்கி நீளும் தண்டு, நுனியில் ரப்பர் கட்டை. முறுகும்போது கட்டை பட்டையின் முன் கண்ணில் போய் முட்டும். கால்ட்ராக் வகை தண்டு முட்டுவதில்லை. முன் கண்ணருகே சுழலும் தட்டு வழியாக, ஆக்சிலின் முறுக்கத்தையே பட்டையைக் கீழே அழுத்தும் விசையாக்குகிறது. இந்த இரண்டில் பணம் இருந்தால் இரண்டாவது, யோசிக்க ஒன்றுமில்லை.

வலது டயர் மட்டும் ஏன் சுற்றுகிறது

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். வழக்கமான திசையில் சுற்றும் எஞ்சினும் ஒரே துண்டு ஆக்சிலும் இருந்தால், ப்ரொபெல்லர் ஷாஃப்டின் முறுக்கு ஆக்சிலைத் திருப்பி, வலது பின் டயரின் சுமையைக் குறைக்கும். அதே அளவு முறுக்கு பாடியை எதிர்த் திசையில் சாய்க்கும். அந்தச் சாய்வு பின் ஸ்பிரிங் வழியாக இறங்கி வலது டயரை மறுபடி அழுத்தும். முழுசாக இறங்கினால் இரண்டும் ஈடாகிவிடும். ஆனால் பாடியின் சாய்வில் ஒரு பங்கை முன் சஸ்பென்ஷன் வாங்கிக்கொள்கிறது. ஈடாகாமல் நிற்பது அந்தப் பங்குதான்.

இப்போது மூன்று வழிகளைப் பாருங்கள். வலது பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை வைப்பது மலிவு, பலனும் உண்டு. ஆனால் ஒரே ஒரு முறுக்கு அளவுக்குத்தான் அது சரியாக இருக்கும், காற்றை இறக்க மறந்தால் ரோட்டில் கார் கோணலாக நிற்கும். முன் ஸ்வே பாரைக் கழற்றினால் முன்பக்கம் வாங்கும் பங்கு குறையும். பாரைக் கழற்றினால் மூக்கு சுலபமாக எழும் என்று சொல்வதில் பெரிய உண்மையில்லை, இரண்டு பக்கமும் சமமாக எழும்போது அந்தப் பார் தடுப்பதேயில்லை. மூன்றாவது, பின்னால் கனமான ஆன்டி-ரோல் பார் (ஸ்வே பாருக்கு இன்னொரு பெயர்). சாய்வை ஏற்கும் வேலையைப் பின்பக்கமே எடுத்துக்கொள்வதால் முறுக்கு எவ்வளவு ஏறினாலும் ஈடு தானாக ஏறும். இயற்பியல்படி இதுவே சுத்தமான வழி. ஆனால் முன்னால் பார் இல்லாமல் பின்னால் மட்டும் கனமான பாரோடு வளைவில் போனால் வால் சீக்கிரம் வெளியே போகும். அதனால் ட்ராக்கில் முன் பாரின் லிங்க்கைக் கழற்றுவது, கிளம்பும் முன் மாட்டிவிடுவது. இரண்டு போல்ட், அவ்வளவுதான்.

பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில் இந்தத் தலைவலி இல்லை. டிஃப்ரன்ஷியல் (இரண்டு பின் சக்கரத்துக்கும் முறுக்கைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) பாடியோடு மாட்டியிருப்பதால் முறுக்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் வீல் ஹாப் என்ற வேறு பேய் உண்டு: பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேமின் ரப்பர் நெகிழ்ந்து, டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, கடைசியில் ஆக்சில் ஷாஃப்ட் முறிகிற வரை போகும். 2009 கேடிலாக் சிடிஎஸ்-வி காரில் இதைத் தணிக்க இடது, வலது ஷாஃப்டுகளுக்கு வெவ்வேறு தடிமன் கொடுத்தார்கள். நாம் செய்யக்கூடியது சப்ஃப்ரேம் புஷ்ஷை இறுக்கமானதாக மாற்றுவது. இந்த ஒரு வகைக் காரில் மட்டும் ஷாக்கை விட புஷ்ஷுக்கு முதலிடம் தருவேன்.

முன் சக்கரம் இழுக்கும் காருக்கு மேலே சொன்னதில் பாதியைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஓட்டும் சக்கரத்தை விட்டுத்தான் போகிறது. போகும் எடையைத் தடுக்க முடியாது. மூக்கு எழுவதைத் தாமதப்படுத்தலாம். முன் ஷாக்கில் நீள்தல் இறுக்கம், பின்னால் கடினமான ஸ்பிரிங். இங்கே ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் போட்டி கொஞ்சம் நெருக்கம்தான். பின்பக்கம் குந்தாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை லாஞ்ச் முழுக்கச் செய்வது ஸ்பிரிங். ஷாக் முதல் அரை வினாடிக்குத்தான் உதவும். முன் சக்கரம் இழுத்தாலும் பின் சக்கரம் தள்ளினாலும், மூக்கு எழுந்த நிலையில் முன் சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் அவை உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) எவ்வளவு மாறுகிறது என்று அலைன்மென்ட் மெஷினில் ஒருமுறை பாருங்கள். முன்பக்கத்தை 30 மி.மீ. தூக்கி வைத்து அளந்தால் போதும். நேராக ஓட வேண்டிய கார் இடவலமாக அலைந்தால் பல நேரம் காரணம் அங்கேதான் இருக்கும், பின் சஸ்பென்ஷனில் இல்லை.