மூன்று நாள் விடுப்பில் கொல்கத்தாவா, ஐதராபாத்தா?

போன வாரம் தங்கச்சி போனில் கேட்டாள். "அண்ணா, மூணு நாள் லீவு சேர்ந்தாப்ல வருது. ஊரும் பார்க்கணும், நல்லா சாப்பிடவும் செய்யணும். கல்கத்தா போகலாமா, ஐதராபாத் போகலாமா?"

"எந்த மூணு நாள்னு முதல்ல சொல்லும்மா" என்றேன்.

இந்த இரண்டு ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரைத்தான். ஐதராபாத்தில் சாலார் ஜங் அருங்காட்சியகம், சௌமஹல்லா அரண்மனை இரண்டுக்கும் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. கொல்கத்தாவில் விக்டோரியா நினைவு மண்டபத்தின் காட்சிக்கூடங்களும் இந்திய அருங்காட்சியகமும் திங்கட்கிழமை பூட்டிக்கிடக்கும். ஆக, வெள்ளி சனி ஞாயிறு என்று விடுப்பு விழுந்தால் கொல்கத்தா. சனி ஞாயிறு திங்கள் என்றால் ஐதராபாத். மூன்றே நாள் பயணத்தில் ஒரு நாள் பூட்டிய கதவின் முன்னால் போய் நிற்பது பெரிய இழப்பு.

புத்தகப் பைத்தியங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கொல்கத்தாவின் கல்லூரித் தெருவில் புத்தகக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறன்று மூடியிருக்கும். ஐதராபாத்தின் அபிட்ஸ் பகுதியிலோ பழைய புத்தகங்கள் நடைபாதையில் பரப்பப்படுவதே ஞாயிற்றுக்கிழமைதான்.

போய்ச் சேரும் வசதியில் ஐதராபாத்துக்குப் போட்டியே இல்லை. சென்னைப் பக்கத்திலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால், தூங்கி எழும்போது ஊர் வந்திருக்கும். கொல்கத்தாவுக்கு ரயில் பாதை 1,660 கிலோமீட்டர். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போனாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். மூன்று நாள் விடுப்பில் அது கட்டுப்படியாகாது, விமானம்தான். டிக்கெட் விலையை நினைத்தாலே இதிலேயே பலருக்கு முடிவு தெரிந்துவிடும். அப்படி முடிவெடுத்து ஐதராபாத் போகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அங்கே போய் இறங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐதராபாத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு கொத்தாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒன்று பழைய நகரம்: 1591-இல் முகமது குலி குதுப் ஷா கட்டிய சார்மினார், மெக்கா மசூதி, வளையல் கடைகள் வரிசைகட்டும் லாட் பஜார், சௌமஹல்லா, சற்றுத் தள்ளி சாலார் ஜங். இன்னொன்று பத்துக் கிலோமீட்டர் சொச்சம் தள்ளி கோல்கொண்டா கோட்டையும் குதுப் ஷாஹி கல்லறைகளும். இடையில் இருக்கும் போக்குவரத்து நெரிசல் நம்முடைய அரை நாளைத் தின்றுவிடும். மெட்ரோ சார்மினார் வரை போவதில்லை. எம்.ஜி.பி.எஸ். நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். அதனால் முதல் நாள் முழுக்கப் பழைய நகரம், மறுநாள் கோல்கொண்டா என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறைதான்.

கோல்கொண்டாவின் நுழைவாயில் வளைவுக்குக் கீழே நின்று கையைத் தட்டினால் அந்தச் சத்தம் மேலே உச்சி மண்டபம் வரை கேட்கும். எதிரி வந்தால் மேலே தெரிவிக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. அப்பேர்ப்பட்ட கோட்டையே எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு 1687-இல் ஔரங்கசீப்பிடம் விழுந்தது. முந்நூற்றுச் சொச்சம் படிகள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மேலே கூட்டிப்போகும் எண்ணமே வேண்டாம், அவர்களுக்குச் சாலார் ஜங் போதும். அங்கே மணிக்கு மணி ஒரு குட்டி பொம்மை வெளியே வந்து மணியடிக்கும் கடிகாரம் இருக்கிறது. அதைப் பார்க்கக் கூட்டம் உட்கார்ந்து காத்திருக்கும். பென்சோனி செதுக்கிய ரெபேக்கா சிலையின் முகத்திரை, பளிங்கு என்று தெரிந்த பிறகும் ஈரத் துணியாகவே கண்ணுக்குப் படும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஐதராபாத்தில் எனக்குப் பிடித்த இடம் பிரியாணிக் கடை அல்ல, சார்மினாருக்கு எதிரே இருக்கும் நிம்ரா டீக்கடை. டிகாஷன் ஒரு பக்கம் சிறு தீயில் கிடக்கும், பால் இன்னொரு பக்கம் சுண்டிக்கொண்டிருக்கும். கோப்பையில்தான் இரண்டும் சேரும். உப்பும் இனிப்பும் கலந்த உஸ்மானியா பிஸ்கட்டை ஒரு நொடி முக்கி எடுக்க வேண்டும், இரண்டு நொடி விட்டால் பாதி கோப்பைக்குள் போய்விடும். காலை ஏழு மணிக்கு, வளையல் கடைகள் திறக்கும் முன், கோப்பையோடு நின்று அந்த நான்கு மினார்களைப் பார்த்தால் போதும். கூட்டம் சேர்ந்த பிறகு அதே இடத்தில் நிற்கவே முடியாது.

பிரியாணியில் இரண்டு ஊரும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஐதராபாத்தின் கச்சி பிரியாணியில் தயிரிலும் மசாலாவிலும் ஊறிய பச்சை இறைச்சி அடியில், அரைவேக்காட்டு பாஸ்மதி மேலே. விளிம்பை மாவால் அடைத்து தம் போடுகிறார்கள். காரமும் மணமும் தூக்கலாக இருக்கும், தொட்டுக்கொள்ள மிளகாய் சாலன். கொல்கத்தா பிரியாணி மென்மையானது. லக்னோ நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் ஆட்சியை இழந்து கொல்கத்தாவின் மெட்டியாபுரூஸில் வந்து தங்கியபோது அவருடைய சமையலும் கூடவே வந்தது. அதில் உருளைக்கிழங்கு எப்படிச் சேர்ந்தது என்பதற்கு வறுமையைக் காரணம் சொல்பவர்களும் உண்டு, அன்றைக்கு அது புதுமையான காய் என்பவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும், நெய்யையும் இறைச்சிச் சாற்றையும் உறிஞ்சி மஞ்சளாகிக் கிடக்கும் அந்த முழு உருளைக்கிழங்குக்காகவே தட்டைக் காலி செய்யலாம். ஆம்பூர், திண்டுக்கல் காரத்துக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாயில் சப்பென்று இருக்கும். நாலாவது வாயில் பிடிபடும். இருந்தாலும் பிரியாணிக்காக மட்டும் ஒரு ஊருக்குப் போவதென்றால் நான் சொல்வது ஐதராபாத்தான். ரமலான் மாத மாலைகளில் போனால் கோதுமையும் இறைச்சியும் மணிக்கணக்கில் வெந்து மரக்கட்டையால் மசித்த ஹலீமும் தெருவெங்கும் கிடைக்கும். அதற்கு 2010-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பிரியாணிக்கு அப்பால் போனால் கொல்கத்தா என்னை இழுத்துக்கொள்கிறது. முக்கியக் காரணம் மெட்ரோ. 1984-இல் இந்தியாவில் முதலில் ஓடிய அந்தத் தடம் இன்று தட்சிணேஸ்வரம் வரை நீண்டிருக்கிறது. தட்சிணேஸ்வரம், குமார்துலியின் சிலை செய்யும் சந்துகளுக்கு ஷோபாபஜார், கல்லூரித் தெருவுக்கு மகாத்மா காந்தி சாலை, பிறகு பார்க் ஸ்ட்ரீட், மைதான், காளிகாட் என்று எல்லாமே ஒரே கோட்டில். எஸ்பிளனேடில் மாறினால், 2024 மார்ச்சில் திறந்த தடத்தில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே ஹவுரா போய்விடலாம். வண்டி பேச வேண்டாம், பேரம் வேண்டாம். ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பத்தடியில் தின்பதற்கு ஏதாவது இருக்கும். பார்ப்பதற்கு ஒரு நேரம், சாப்பிடுவதற்கு ஒரு நேரம் என்று ஒதுக்கவே தேவையில்லை. குறுகிய பயணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு காலையை மட்டும் மல்லிக் காட் பூச்சந்தைக்கு ஒதுக்குங்கள். 1943-இல் திறந்த, நட்டு போல்ட்டே இல்லாமல் ரிவெட் அடித்துக் கட்டிய ஹவுரா பாலத்தின் காலடியில், விடியற்காலையில் செண்டுமல்லிச் சரங்கள் தடித்த கயிற்றுச் சுருள் மாதிரி தோளிலும் தலையிலும் போய்க்கொண்டிருக்கும். படித்துறையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் படகேறி அக்கரைக்குப் போய்வரலாம். கோயம்பேட்டுப் பூக்கடைகளை ஒரு ஆற்றங்கரையில் கொண்டுபோய் வைத்த மாதிரி இருக்கும்.

மாலையில் புச்கா. நம் பானி பூரிதான் என்று நினைத்துப் போகாதீர்கள். கட்டைவிரலால் பூரியைக் குத்தி, காரமாக மசித்த உருளைக்கிழங்கை அடைத்து, புளித்தண்ணீரில் முக்கி, இலைத் தொன்னையில் ஒவ்வொன்றாக வைப்பார். நீங்கள் மென்று முடிக்கும்வரை அடுத்தது வராது. கணக்கு முடிந்ததும் கேட்டால் ஒன்று கொசுறு உண்டு. அதை அங்கே 'ஃபாவ்' என்பார்கள். அதன்பின் மண் குடுவையில் மிஷ்டி தோய் என்னும் இனிப்புத் தயிர்; ஈரத்தை மண் இழுத்துக்கொள்வதால் தயிர் கத்தியால் வெட்டலாம் போல நிற்கும்.

கொல்கத்தாவில் ஒரே சங்கடம் கடுகு எண்ணெய். நம் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மணத்துக்குப் பழகிய குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். சைவக்காரர்களுக்குக் கவலை இல்லை. காலையில் கச்சோரியும் ஆலு தமும், மதியம் கசகசா அரைத்த உருளைக்கிழங்கும் வாழைப்பூப் பொரியலும் கிடைக்கும். ரசம் சாதத்துக்கு ஏங்கினால் காளிகாட் நிலையத்துக்குப் பக்கத்தில் லேக் மார்க்கெட் இருக்கிறது. தமிழர்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கும் பகுதி, பில்டர் காபியே கிடைக்கும். ஐதராபாத்தில் இந்த ஏக்கம் வராது. வேர்க்கடலையும் எள்ளும் புளியும் போட்ட பகாரா பைங்கன் நம் எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு ஒன்றுவிட்ட சகோதரி.

இரண்டு ஊருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அதிலும் டிசம்பர், ஜனவரி என்றால் என் ஓட்டு கொல்கத்தாவுக்கே, காலண்டர் தோதுப்பட்டால். ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சிய புது வெல்லம், அவர்கள் சொல்லும் நோலன் குர், அந்தக் குளிர் மாதங்களில்தான் வரும். நம் கருப்பட்டியின் தங்கை, ஆனால் இன்னும் மெல்லிய புகைவாசம். 1844 முதல் இருக்கும் நகூர் கடையில் இந்த வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பைக் கடித்துப் பார்த்தால், வெறும் பாலும் வெல்லமும் இப்படி ஆகுமா என்று இருக்கும்.

தங்கச்சிக்குக் கிடைத்தது டிசம்பரில் வெள்ளி, சனி, ஞாயிறு. கொல்கத்தாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். நேற்று மறுபடியும் போன்: "அண்ணா, உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" உஸ்மானியா பிஸ்கட் என்றால் முதல் நாளே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடலாம், வாரக்கணக்கில் தாங்கும். சந்தேஷ் அப்படி இல்லை. "கடைசி நாள் காலையில வாங்கி, கைப்பையிலேயே வச்சுக்கோ. அன்னைக்கு ராத்திரியே வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.