கேமராவை விட்டுக் கழலாத லென்ஸ்: கேனன் 15-85 மி.மீ. நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

டிஎஸ்எல்ஆர் கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸுக்கு அடுத்தபடியாக, எப்போதும் மாட்டியே வைத்திருக்க ஒரு லென்ஸ் தேடுபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, அது எவ்வளவு தூரத்தை இழுத்துக் காட்டும் என்பதைத்தான். கேனன் இஎஃப்-எஸ் 15-85 மி.மீ. எஃப்/3.5-5.6 ஐஎஸ் யுஎஸ்எம் லென்ஸை 70டி கேமராவில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் எனக்கு, ஒரு லென்ஸ் எங்கே முடிகிறது என்பதைவிட எங்கே தொடங்குகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று உறுதியாகத் தோன்றுகிறது.

லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண் அதன் குவியத்தூரம்; அது குறையக் குறையக் காட்சி அகலும், கூடக் கூடத் தொலைவு நெருங்கி வரும். 18-க்கும் 15-க்கும் இடையில் இருப்பது 3 மி.மீ. மட்டுமே. ஆனால் 70டியின் சென்சார் 22.5 மி.மீ. அகலமுடையது என்பதைக் கொண்டு கணக்கிட்டால், 4 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு சுவரில் 18 மி.மீ. 5 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், 15 மி.மீ. 6 மீட்டரைப் பிடிக்கும். மயிலாப்பூர் மாட வீதிகளிலிருந்து பிரியும் சந்துகளில் கேமராவோடு நடப்பவர்களுக்கு இந்த ஒரு மீட்டரின் அருமை நன்றாகத் தெரியும். திண்ணை வைத்த பழைய வீடு ஒன்றின் முகப்பை எடுக்க முயன்று, முதுகு எதிர்ச்சுவரில் முட்டும்வரை பின்வாங்கியும் ஓரத்துத் தூண் பாதியில் வெட்டுப்படும் இடத்தில், 15-க்குத் திருப்பியதும் இரு பக்கத்துத் தூண்களும் வாசற்கோலமும் சேர்ந்தே உள்ளே வந்துவிடுகின்றன. தொலைவு எட்டாவிட்டால் நாலடி முன்னே நடக்கலாம். அதுவும் முடியாதபோது 20 மெகாபிக்சல் படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அகலம் எட்டாவிட்டால் பல படங்களை எடுத்து ஒட்டுவதுதான் வழி, ஆட்கள் நடமாடும் தெருவில் அது பெரும்பாலும் சரிவராது.

15-இல் ஓரங்களில் உள்ள நேர்கோடுகள் வெளிப்புறமாக வளைவது உண்மை. லைட்ரூமிலோ கேனனின் சொந்த மென்பொருளிலோ லென்ஸ் திருத்தத்தைப் போட்டால் அது நேராகிவிடும். திருத்தும்போது விளிம்பு சிறிது வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டு எடுப்பது என் வழக்கம். ஓரத்தில் நிற்கும் மனிதர்களின் முகமும் தோளும் இழுபட்டுத் தெரிவதற்கு மட்டும் மென்பொருளில் நல்ல தீர்வு இல்லை. ஆட்களை நடுப்பகுதியில் வைப்பதே நல்லது.

இந்த லென்ஸ் போதாமல் போகும் இடம் வெளிச்சம். 15-இல் எஃப்/3.5 ஆக இருக்கும், வெளிச்சம் நுழையும் துளை (எஃப் எண் கூடினால் துளை சிறிது), ஜூம் செய்யச் செய்யச் சுருங்கி, 50-இல் எஃப்/5 ஆகவும் 85-இல் எஃப்/5.6 ஆகவும் ஆகிவிடுகிறது. இதில் உள்ள ஐஎஸ் என்னும் அதிர்வுத் தடுப்பு 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தில் இரு மடங்கு வித்தியாசம்) வரை ஈடுகொடுக்கும் என்று கேனன் சொல்வதால் வெளிச்சக் குறைவை அது சமாளித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தடுப்பது நம் கையின் நடுக்கத்தை மட்டுமே. இருட்டிய பிறகு கடை வாசலில் ஒற்றை எல்இடி பல்பின் கீழ் மல்லிகை கட்டும் அம்மாவை 85-இல், ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறனை 3200-இல் வைத்து, 1/30 நொடியில் எடுத்தால், தட்டில் குவிந்திருக்கும் மொட்டு ஒவ்வொன்றும், ஈரத்துணியின் மடிப்பும்கூடத் துல்லியமாக விழும். வாழைநாரைச் சுற்றி முடிச்சிடும் விரல்கள் மட்டும் புகையாகக் கலைந்திருக்கும். எஃப்/2.8 கிடைத்தால் அதே வெளிச்சத்தில் 1/125 கிடைக்கும், விரல்களும் ஓரளவு நிற்கும்.

அப்படியானால் 2006-இல் வந்த 17-55 எஃப்/2.8 ஐஎஸ் லென்ஸை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். மண்டபங்களுக்குள் திருமணமும் கச்சேரியும் எடுப்பவர்களுக்கு நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். பகல் நேரத்தில் தெருவில் நடப்பவருக்கு அதன் துளையைவிட 15-இன் அகலமும் 55-க்கு மேல் கிடைக்கும் நீளமுமே அதிகம் உதவுகின்றன. 125 கிராம் எடையுள்ள 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் லென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் அதற்கு மாறிவிடுகிறேன். கேனனின் உயர்தர எல் வரிசையின் சிவப்பு வளையத்துக்கு ஆசைப்பட்டு 24-105 எஃப்/4 லென்ஸை, 70டி போன்ற சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவுக்கு வாங்குவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தரமான லென்ஸ்தான், ஆனால் முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவோடு ஒப்பிடும் 1.6 மடங்குக் கணக்கில் அது 38-இல்தான் தொடங்குகிறது, 15-85 தொடங்குவதோ 24-இல். வீடியோவே முதன்மை என்பவர்களுக்கு 2016-இல் வந்த 18-135 யுஎஸ்எம் பொருந்தும்.

எதை வாங்குவதானாலும், கையில் இருக்கும் படங்களை லைட்ரூமில் குவியத்தூர வாரியாக வடிகட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 18-இல் குவிந்து கிடந்தால் உங்களுக்கு வேண்டியது அகலம், 55-இல் குவிந்து கிடந்தால் நீளம்.

575 கிராம் எடையுள்ள இந்த லென்ஸும் 755 கிராம் எடையுள்ள 70டியும் சேர்ந்தால் கழுத்தில் உறுத்தும். தோளின் குறுக்கே போடும் பட்டை அவசியம். இதை நான் மிகவும் விரும்புவதற்குக் காரணம் இதன் ஃபோகஸ். வளைய வடிவ யுஎஸ்எம் மோட்டார் என்பதால், ஆட்டோ ஃபோகஸில் இருக்கும்போதே வளையத்தைத் திருப்பிச் சரிசெய்ய முடிகிறது. 35 செ.மீ. வரை நெருங்கலாம், 85-இல் அந்தத் தூரத்தில் ஒரு காபி டபராவின் வாய் ஏறத்தாழச் சட்டம் முழுவதையும் நிறைத்துவிடும். பக்கவாட்டு ஒளியைத் தடுக்கும் லென்ஸ் ஹூட் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் பூஞ்சைக்கு அஞ்சியே ஆக வேண்டும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்தி, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

2009-இல் 7டி கேமராவோடு அறிமுகமான லென்ஸ் என்பதால், இன்று வாங்குவோர் பெரும்பாலும் பயன்படுத்தியதையே தேட வேண்டியிருக்கும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, உள்ளே சிலந்தி நூல் போன்ற பூஞ்சை இழை இருக்கிறதா என்று பாருங்கள். முகம் கீழ்நோக்கப் பிடித்தால் குழல் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். 15, 24, 35, 50, 85 என ஒவ்வொரு நிலையிலும் எஃப்/11 வைத்து ஒரு படம் எடுங்கள். துளையை இயக்கும் கம்பிப்பட்டை நைந்திருந்தால் ஏதாவது ஒரு நிலையில் கேமரா பிழைச் செய்தி காட்டிவிடும். பின்னாளில் ஆர்7 அல்லது ஆர்10 போன்ற மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினாலும், இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் வழியாக இதே லென்ஸ் இதே பார்வைக் கோணத்துடன் வேலை செய்யும்.