பையர் மெயிலை விழுங்கிய ஸ்பேம் ஃபில்டர்

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் நான். சரக்கு வாங்கும் பையரோடு பேச்சுவார்த்தை எல்லாம் மெயிலில்தான். டொமைன் வாங்கிய ஹோஸ்டிங் நிறுவனத்திடமே மெயில் சேவையும் எடுத்திருந்தோம். விலை குறைவு, வேகமும் பரவாயில்லை. ஆனால் அதன் ஸ்பேம் ஃபில்டரை நம்பி ஏற்றுமதி செய்ய முடியாது.

லேப் டிப், அதாவது சாயம் போட்ட சின்ன மாதிரித் துணியைப் பார்த்து பையர் ஷேடுக்கு ஓகே சொன்ன பிறகுதான் துணி சாயப்பட்டறைக்குப் போகும். அப்படி ஓகே சொல்லி வந்த மெயில் ஸ்பேமில் கிடந்தது. நாங்கள் பதிலுக்காகக் காத்திருந்தோம். அவர்களோ துணி சாயத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பாதி சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தச் செலவு முழுக்க எங்கள் தலையில்.

அந்த மெயிலின் ஹெடரை, அதாவது அது வந்த வழியும் சோதனை விவரமும் இருக்கும் பகுதியைத் திறந்து பார்த்தேன். பின்னால் ஓடுவது ஸ்பேம் அசாசின் என்ற ஃபில்டர் மென்பொருள். சந்தேகப்படும்படி இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அது மதிப்பெண் போட்டுக் கூட்டும். வழக்கமான எல்லை 5. இந்த மெயில் 5.3. தலைப்பு முழுக்க கேப்பிடல் எழுத்து, அதற்குக் கொஞ்சம். உள்ளே ஷேடு கார்டு படமும் ஒரே ஒரு வரியும். படம் பெரிது, எழுத்து குறைவு என்று அதற்குக் கொஞ்சம். அனுப்பிய சர்வரின் ஐபி ஏதோ பிளாக் லிஸ்டில் இருந்ததால் மீதி. அவசரத்தில் இருக்கும் எந்த பையரும் இப்படித்தான் எழுதுவார்.

ஃபில்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. “எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இதில் பணம் போடுங்கள்” என்று சப்ளையர் பெயரில் வரும் போலி மெயில் எங்கள் தொழிலில் பெரிய ஆபத்து. தடுக்கட்டும். தடுத்ததைச் சொல்ல வேண்டாமா? எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் மெயில் பாப் முறையில் இறங்குகிறது. அதில் இன்பாக்ஸ் மட்டும்தான் வரும்; ஸ்பேம் ஃபோல்டரைப் பார்க்க வெப்மெயிலுக்குள் தனியாகப் போக வேண்டும். இன்று இன்னின்னதை நிறுத்தி வைத்தோம் என்று தினம் ஒரு பட்டியல் அனுப்பும் வசதி இந்தச் சேவையில் இல்லவே இல்லை.

சப்போர்ட்டில் கேட்டால், பையர் முகவரியை ஒயிட் லிஸ்டில் போடுங்கள் என்றார்கள். அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் போலியாகப் போடலாம். மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். சோதனையில் தேறினால் மட்டும் உள்ளே விடு என்று ஸ்பேம் அசாசினிலேயே அமைக்க முடியும். அதைக் கேட்டதற்கு, இந்தத் திட்டத்தில் கிடையாது என்று பதில்.

நாங்கள் அனுப்பும் மெயிலுக்கும் இதே கதிதான். டி.கே.ஐ.எம். கையெழுத்தை அவர்கள் இயக்கியே வைக்கவில்லை. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புநர் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிவிட்டன. அதற்குப் பிறகும் இப்படி விட்டு வைத்திருந்தது சுத்த அலட்சியம்.

இப்போது வேறு சேவைக்கு மாறிவிட்டோம். வாடகை கூடுதல்தான், ஆனால் தடுத்த மெயில்களின் பட்டியல் தினமும் காலையில் வந்துவிடுகிறது. ஒரு கிளிக்கில் விடுவிக்கலாம். புதிதாக மெயில் சேவை வாங்குபவர்கள் பணம் கட்டும் முன் இந்தப் பட்டியல் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், டொமைன் இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.