பெல் ஹுக்ஸின் 'பிளாக் லுக்ஸ்': டர்பனில் உட்கார்ந்து படிக்கும்போது

1992ல் வந்த புத்தகம், ஆனாலும் இப்போதுதான் எங்கள் கைக்கு வந்தது. எழுதியவர் பெல் ஹுக்ஸ். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண், டோனி மாரிசனின் நாவல்களை ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கிய இலக்கியப் பேராசிரியர். இயற்பெயர் குளோரியா ஜீன் வாட்கின்ஸ், கொள்ளுப்பாட்டியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். 2021 டிசம்பரில் காலமானார். சினிமாவிலும் விளம்பரத்திலும் பாப் பாட்டிலும் கறுப்பு உடம்பை எப்படிக் காட்டுகிறார்கள், அதை உட்கார்ந்து பார்க்கிற கறுப்புப் பெண்ணுக்குள் என்ன நடக்கிறது, இதுதான் 12 கட்டுரைகளிலும் ஓடுகிற விஷயம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து படித்தோம். இங்கே இருக்கிற தமிழ்ப் பெண்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன், ஆனால் ஆறுதல் தேடிப் படிக்காதீர்கள், கிடைக்காது.

வரிசைப்படி போகாமல் ஏழாவது கட்டுரையில் ஆரம்பியுங்கள். அடிமைகள் எஜமானர்களை ஏறிட்டுப் பார்த்தாலே தண்டனை என்ற வரலாற்றிலிருந்து கிளம்பி, பார்ப்பதே ஒரு அதிகாரம் என்று காட்டுகிறார். சினிமாவில் ஆணின் பார்வையைப் பற்றி லாரா மல்வி என்ற பிரிட்டிஷ் திரைப்பட ஆய்வாளர் 1975லேயே எழுதியிருந்தார், ஆனால் அதில் வரும் 'பெண்' எல்லாம் வெள்ளைக்காரிதானே, நாங்கள் எங்கே என்று ஹுக்ஸ் கேட்கிறார். படத்தை ரசிக்க வேண்டும் என்றால் ரொம்ப ஆழமாகப் பார்க்காமல் இருந்தால்தான் முடியும் என்று கறுப்புப் பெண்கள் அவரிடம் சொன்னதாக ஒரு இடம் வருகிறது. அதைப் படித்தபோது எங்கள் கூட்டத்தில் யாரும் பேசவில்லை, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்கள்.

அதே கட்டுரையில் கறுப்பினப் பெண் இயக்குநர் ஜூலி டாஷ் 1982ல் எடுத்த 'இல்யூஷன்ஸ்' என்ற குறும்படத்தைப் பற்றிப் பேசுகிறார். கதை நடப்பது 1942 ஹாலிவுட்டில். திரையில் வெள்ளை நடிகை வாயசைக்கிறாள், பாடுவதோ ஒலிப்பதிவு அறையில் நிற்கிற கறுப்புப் பெண். தன்னை வெள்ளைக்காரி என்று காட்டிக்கொண்டு வாழ்கிற இன்னொரு கறுப்புப் பெண் அதே ஸ்டுடியோவில் அதிகாரி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புரிந்துகொள்கிற அந்தப் பார்வையைத்தான் ஹுக்ஸ் பிடித்துக்கொள்கிறார். பம்பாயிலிருந்து வந்த சிவப்பான கதாநாயகி வாயசைக்க, சென்னையில் யாரோ ஒருத்தி தமிழில் குரல் கொடுக்கிறாளே, அந்தக் குரலுக்குரிய முகம் ஏன் திரைக்கு லாயக்கில்லாமல் போனது என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. எங்கள் ஆயாவின் முகம் மாதிரி ஒரு முகம் கதாநாயகியாக நின்று நான் பார்த்த படம் எது என்று யோசித்தால் இன்னும் பதில் வரவில்லை.

இரண்டாவது கட்டுரை, மற்றவர்களின் இனத்தையும் பண்பாட்டையும் தின்பண்டமாக்கி விற்பது பற்றியது. வெள்ளைப் பண்பாடு என்ற சப்பென்ற சாப்பாட்டுக்கு மற்ற இனங்கள் மசாலாவாகிவிடுகின்றன என்கிறார். சரி, மசாலா என்றதும் டர்பன்காரர்களுக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்தானே நினைவுக்கு வரும். அங்கே சுற்றுலா வருகிறவர்கள் ஆசையாக வாங்குகிற மிளகாய்ப்பொடிக்குப் பெயர் 'மதர் இன் லா எக்ஸ்டெர்மினேட்டர்', மாமியாரை ஒழித்துக்கட்டுகிற பொடி. குவித்து வைத்த சிவப்புப் பொடிமேல் அந்த அட்டையைச் செருகியிருப்பார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காரத்தை இந்த ஊருக்குக் கொண்டு வந்தவர்கள் 1860லிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்த பெண்களும்தான். ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங் என்றால் பெண்ணுக்கு அதில் பாதிதான் கூலி. அந்தப் பெண்ணின் கதை கண்ணுக்குத் தெரியாமல் போய், மாமியார் நகைச்சுவை மட்டும் அட்டையில் மிச்சம். ஹுக்ஸ் டர்பனைப் பற்றி இதில் ஒரு வரியும் எழுதவில்லை, ஆனால் அந்தக் கட்டுரைக்குப் பிறகு அந்த அட்டையை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

குறைகளும் இருக்கின்றன. அடிக்குறிப்பே கிடையாது, ஒரு மேற்கோளைத் தேடிப் போக வேண்டுமென்றால் சிரமம்தான். சில சொற்றொடர்கள் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வருகின்றன. மடோனா கட்டுரை அந்தக் காலத்துப் பாட்டு வீடியோக்கள் தெரியாதவர்களுக்கு ஒட்டாது. உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் தன்னைப் பாலியல் ரீதியாகத் தொல்லை செய்தார் என்று 1991ல் அமெரிக்க செனட் முன்னால் சாட்சி சொன்ன கறுப்பினப் பெண் ஆனிட்டா ஹில் பற்றிய கட்டுரையில், ஒருத்தி பெண் என்பதற்காகவே அவளைப் பெண்ணியவாதி ஆக்கிவிடலாமா என்ற கேள்வி நியாயமானதுதான், ஆனால் அத்தனை ஆண்களுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கொஞ்சம் கூடுதலாகவே கடுமை காட்டிவிட்டார் என்று எனக்குப் பட்டது.

எங்களை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது முதல் கட்டுரை. ஹுக்ஸ் தன் வகுப்பில் கறுப்பின எழுத்தாளர் நெல்லா லார்சனின் 'பாஸிங்' நாவலைப் பாடமாக எடுக்கிறார். கறுப்பினத்தில் பிறந்து, வெள்ளைக்காரியாக வாழ்ந்துவிட்டுத் திரும்பி வருகிற கிளேர் மட்டும்தான் கறுப்பை உண்மையாக விரும்பியவள், அதற்காகவே அவள் உயிர் போகிறது என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்க்கிறார். கறுப்பை வெறுப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேச முடிந்தவர்களுக்கு, விரும்புவதைப் பற்றிப் பேசத் தெரியவில்லை. நம் கதை என்ன? நிறவெறி ஆட்சிக் காலத்தில் தலைமுடியில் பென்சிலைச் செருகி அது விழுகிறதா என்று பார்த்து இனம் பிரித்த நாடு இது, அதைக் கண்டித்துப் பேசுவோம். ஹைட்ரோக்வினோன் கலந்த வெளுப்புக் களிம்பை இங்கே 1990ல் தடை செய்தார்கள், ஆனாலும் கல்யாணப் பேச்சு என்றால் முதல் கேள்வி பெண் நிறம் எப்படி என்பதுதான். அப்புறம் இதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. நம்மைவிடக் கறுத்தவர்களை, பக்கத்தில் வாழ்கிற ஜூலு மக்களை, நம் வீட்டுக்குள் எப்படிப் பேசுகிறோம்? டர்பனில் கறுப்பின மக்கள் இந்தியர்களைத் தாக்கிய 1949 ஜனவரிக் கலவரத்தை நம் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள், 2021 ஜூலைக் கலவரத்தில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. எங்கள் கூட்டத்திலும் அந்தப் பேச்சு வந்ததும் சண்டையே வந்தது, ஒரு அக்கா எழுந்து போய்விட்டு அடுத்த வாரம் திரும்பி வந்தார்.

2015ல் ரூட்லெட்ஜ் மறுபதிப்பு போட்டிருக்கிறது, அதையே வாங்குங்கள். ஆங்கிலம் அவ்வளவு கடினமில்லை, கோட்பாட்டுப் பெயர்கள் வருகிற பத்திகளைத் தாண்டிப் போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. கறுப்பின மக்கள் வாழும் பக்கத்து உம்லாசியிலிருந்து வருகிற பெண்களையும் கூப்பிட்டு முதல் கட்டுரையை மறுபடி படிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.