ரிசால்வ்.கான்ஃபைப் பூட்டுவதா, ரிசால்வ்டிடம் விடுவதா?

லினக்ஸில் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்) மாற்ற மூன்று வருடமாக நான் செய்தது ஒரே வேலை. எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலைத் திறந்து 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேரின் பொது டிஎன்எஸ்) என்று எழுதுவேன், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் அதன் மேல் எழுதிவிடாமலிருக்க 'சேட்டர் +ஐ' கட்டளை போட்டு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டுவேன். இடம் மாறாத சர்வருக்கு இன்றைக்கும் இது போதும்.

லேப்டாப்பில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு லாட்ஜில் வைஃபை லாகின் பக்கமே வரவில்லை. அந்தப் பக்கம் அவர்களுடைய டிஎன்எஸ் வழியாகத்தான் வரும், என் மெஷினோ 1.1.1.1-ஐ விட்டு நகரமாட்டேன் என்றது. ஃபைலை மாற்றலாமென்றால் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கே அனுமதி இல்லையாம்! ஃபைல் அனுமதிகளை 'எல்எஸ் -எல்' போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. இந்தப் பூட்டைக் காட்டும் 'எல்எஸ்ஆட்டர்' அடித்த பிறகுதான் பூட்டியதே நினைவுக்கு வந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பெயர்த் தேடலைக் கவனிக்கும் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டுக்கு என்னை மாற வைத்தது, ஆஃபீஸ் நெட்வொர்க்குக்குள் போக நான் போடும் விபிஎன். ஆஃபீஸின் உள் பெயர்கள் ஆஃபீஸ் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். சரி, இரண்டு சர்வரையும் எழுதிவைத்தால் ஆயிற்று என்று நினைத்தேன், ஆகவில்லை. புரோகிராம்களுக்காகப் பெயரைத் தேடித்தரும் ஜிலிப்சி நூலகம் வரிசைப்படி கேட்கும். முதல் சர்வர் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்றால் அதுவே முடிவு, இரண்டாவதைக் கேட்காது. ஆஃபீஸ் சர்வரை முதலில் வைத்தாலோ விபிஎன் அணைந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் 5 விநாடி காத்திருப்பு. ரிசால்வ்டு ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி டிஎன்எஸ் வைத்துக்கொள்கிறது. விபிஎன் இணைப்பில் ஆஃபீஸ் டொமைனுக்கு முன்னால் ஒரு ~ போட்டுவிட்டேன், அந்தப் பெயர்கள் மட்டும் அங்கே போகின்றன, மற்றதெல்லாம் வீட்டு ரவுட்டருக்கு. விபிஎன்னை அணைத்தால் அந்த ஏற்பாடும் தானாகப் போய்விடும். எது எங்கே போகிறது என்று 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' சொல்லும்.

எரிச்சலும் உண்டு. 'பிரின்டர்' என்று புள்ளியில்லாமல் ஒற்றைச் சொல்லாக அடித்தால், தேடல் டொமைன் (அந்தச் சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் டொமைன்) கொடுக்காதவரை ரிசால்வ்டு அதை டிஎன்எஸ் சர்வருக்கு அனுப்பாது. ரிசால்வ்.கான்ஃபில் 127.0.0.53 (இதே மெஷினில் ரிசால்வ்டு பதில் சொல்லும் முகவரி) என்று மட்டும் இருப்பதைப் பார்த்து முதல் நாள் ஏதோ கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு டிஎன்எஸ் சர்வரும் டொமைன் வாரியாகப் பிரிக்கும். இரண்டு வாரம்தான் வைத்திருந்தேன், அதனால் பெரிதாகச் சொல்ல மாட்டேன். விபிஎன் ஏறி இறங்கும்போது தானாக மாற வைக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

மாறுகிறவர்கள் முதலில் 'சேட்டர் -ஐ' போட்டுப் பூட்டை எடுங்கள், அப்புறம் பழைய ஃபைலை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ரிசால்வ்டின் ஸ்டப் ஃபைலுக்கு (அந்த 127.0.0.53 எழுதியிருக்கும் ஃபைல்) ஒரு சிம்லிங்க், அதாவது அந்த ஃபைலைச் சுட்டும் இணைப்பு, போடுங்கள். நான் நேராக இரண்டாவது படிக்குப் போய், ஃபைல் ஏன் அழியமாட்டேன் என்கிறது என்று மறுபடியும் விழித்துக்கொண்டிருந்தேன்.