கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்: வகுப்பறைக்கு எவ்வளவு உதவும்?

நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்துவிடலாம். குறை சொன்னால் முகம் சுளிக்காமல் கேட்பதையும், அடுத்தவர் உழைப்பைப் பொறுமையாகப் படிப்பதையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மாணவர்களிடம் இந்தக் குணங்கள் வர வேண்டுமென்று ஏங்கும் ஆசிரியருக்கு, நிரல்களைச் சேமித்துக் கூட்டாக எழுத உதவும் தளமான கிட்ஹப்பின் புல் ரிக்வெஸ்ட் ('என் மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை) அருமையான துணை.

முதலில் மெயின் கிளைக்கு, அதாவது நிரலின் முதன்மைப் பிரதிக்கு, பாதுகாப்பு விதி போட்டு, எந்த மாற்றமும் சேர ஒரு ஒப்புதலாவது கட்டாயம் என்று வையுங்கள். இலவசக் கணக்கில் பொதுக் களஞ்சியங்களுக்கு (எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் தொகுப்புகளுக்கு) மட்டுமே இந்த வசதி உண்டு. தன் புல் ரிக்வெஸ்டுக்குத் தானே ஒப்புதல் தர முடியாது என்பதால் சக மாணவரை நாடித்தான் ஆக வேண்டும்.

கருத்துகளை உடனுக்குடன் அனுப்பவிடாமல், 'ஸ்டார்ட் எ ரிவ்யூ' வழியாகச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இதில்தான் இந்தக் கருவியின் உண்மையான பலன் இருக்கிறது. அனுப்புமுன் மறுபடி படிக்கும்போது, "இது தப்பு" என்று எழுதியவர் "பட்டியல் காலியாக இருந்தால் 14ஆம் வரி என்ன செய்யும்?" என்று மாற்றி எழுதுவார். அந்த மாற்றம் மதிப்பெண்ணைவிடப் பெரிது.

சறுக்கும் இடங்களும் உண்டு. 600 வரி மாற்றம் வந்தால் யாரும் படிக்காமலே ஒப்புதல் கொடுப்பார்கள். 150 வரிக்குள் நிறுத்துங்கள். மாற்று வரியையே எழுதிக் கொடுக்கும் 'சஜஷன்' வசதியில் ஓரிரு சொடுக்கில் திருத்தம் ஏறிவிடுவதால், தொடக்கநிலையில் காரணம் யோசிக்கும் பழக்கமே வராது. மாற்றத்தை மெயினில் சேர்க்கும் 'ஸ்குவாஷ் அண்ட் மெர்ஜ்' முறை, கமிட்டுகளையெல்லாம் (படிப்படியாகச் சேமித்த மாற்றங்களை) ஒன்றாக்கி, திருத்திய தடத்தை மெயினில் இல்லாமல் செய்துவிடும்.

கூச்ச சுபாவமுள்ளவர்களை இந்தக் கருவி தானாகப் பேசவைக்காது. அவர்களின் முதல் கருத்தை ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதவைக்க வேண்டும்.