ஸொட்டேரோ: மலையக மொழிபெயர்ப்பு ஆய்வுக்கு எந்தளவு கைகொடுக்கும்?

முதுகலைமாணிக்கு மொழிபெயர்ப்பியல் எடுப்பவர்களை ஆய்வேட்டின் கடைசி மாதத்தில் படாதபாடு படுத்துவது உசாத்துணைப் பட்டியல்தான். அதற்கு ஸொட்டேரோ நல்ல மருந்து. ஆனால் தமிழ் என்று வந்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது.

இது இலவச மென்பொருள். அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்தது. நூல், கட்டுரை, ஸ்கேன் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, வேர்டில் எழுத எழுத மேற்கோளைச் செருகித் தரும். பதிவுகள் கணினியிலேயே இருப்பதால் இணையம் இல்லாமலும் ஓடும். பொகவந்தலாவைப் பக்கம் லயத்து இஸ்தோப்பில் (முன் தாழ்வாரத்தில்) நின்று சிக்னல் தேடுபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மொழிபெயர்ப்பு மாணவருக்கு இதன் உண்மையான பயன் வேறொன்று: மூலத்தையும் பெயர்ப்பையும் இணைத்து வைக்கலாம். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையை சக்தீ பால ஐயா தமிழாக்கினார் அல்லவா? இரண்டையும் ஒரே பதிவில் திணிக்காதீர்கள், தனித்தனியாகப் பதியுங்கள். தமிழ் நூலின் பதிவில் ஆசிரியர் வரிக்குக் கீழே இன்னொரு பெயர் வரியைத் திறந்து, அதன் வகையை 'டிரான்ஸ்லேட்டர்' என்று மாற்றுங்கள். மூலம் வெளிவந்த ஆண்டுக்குத் தனிப் புலம் (நிரப்பும் பெட்டி) கிடையாது. 'எக்ஸ்ட்ரா' புலத்தின் முதல் வரியில், ஆங்கில எழுத்தில், 'ஒரிஜினல் டேட்' என்று அடித்து, முக்காற்புள்ளி இட்டு ஆண்டைப் போட்டால், ஏபிஏ என்ற மேற்கோள் பாணி இரு ஆண்டுகளையும் சாய்கோட்டால் பிரித்து அச்சிடும். பிறகு 'ரிலேட்டட்' பகுதியில் இரு பதிவுகளையும் இணைத்துவிடுங்கள். சட்டங்களுக்கும் இதே முறைதான். சிங்கள, தமிழ்ப் பாடங்கள் முரண்பட்டால் சிங்களப் பாடமே மேலோங்கும் என்று நம் இலங்கைச் சட்டங்களிலேயே எழுதியிருக்கும். அதனால் எந்த மொழிப் பாடத்தை மேற்கோள் காட்டுகிறீர்கள் என்பது பதிவில் தெளிவாக இருக்கவேண்டும்.

பழைய மலையக நூல்களும் சஞ்சிகைகளும் பெரும்பாலும் நூலகம் இணையத்தளத்தின் ஸ்கேனாகத்தான் கைக்கு வரும். படமாக மட்டும் இருக்கும் பக்கத்தில் வரியை இழுத்து நிறமிட முடியாது, தேடவும் முடியாது. அங்கே கட்டம் போட்டுத் தெரிவு செய்யும் கருவியை எடுங்கள். வெட்டிய பகுதி படமாகவே குறிப்புக்குள் வந்து சேரும். நிறத்துக்கு முன்கூட்டியே ஒரு பொருள் வைத்துக்கொள்வது நல்லது: விடுபட்டதற்கு மஞ்சள், சேர்த்ததற்கு பச்சை, 'பிரட்டு', 'கங்காணி', 'லயன் காம்பரா' போன்ற தோட்டச் சொற்களுக்கு சிவப்பு. சொல்லையே குறிச்சொல்லாகவும் போட்டால், 'கங்காணி' எங்கெங்கே எப்படிப் பெயர்க்கப்பட்டிருக்கிறது என்பது ஒரு தட்டில் வந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த கோப்பிலிருந்து கொப்பி பண்ணினால் வருவது ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே குறிப்பில் ஒட்டுங்கள்.

இனி குறைகள். இணையப் பக்கத்திலிருந்து விவரங்களைத் தானாக எடுத்துப் பதியும் ஸொட்டேரோவின் பிரவுசர் பொத்தான் ஆங்கில ஆய்விதழ்களில் பிரமாதமாக வேலை செய்யும். தமிழ்த் தளங்கள் பலவற்றில் தலைப்பையும் முகவரியையும் மட்டும் பிடித்து 'இணையப் பக்கம்' என்று போட்டுவிட்டு நிற்கும். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்துக் கையால் நிரப்புவதைத் தவிர வழியில்லை. பேராதனை நூலகத்துக்குப் போனால் அந்த இரு பக்கங்களையும் படமெடுத்து வரத் தவறாதீர்கள்.

பெயர் இன்னொரு தலைவலி. தமிழ்ப் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒற்றைப் புலத்தில் அடித்தால் எழுதியபடியே வரும். ஆனால் முதலெழுத்தோடு அடித்தால் 'வே' வரிசையில் வரவேண்டிய சி. வி. வேலுப்பிள்ளை 'சி' வரிசைக்குப் போய்விடுவார். உங்கள் துறை எந்த வரிசையை ஏற்கும் என்று மேற்பார்வையாளரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். 100 பதிவு சேர்ந்த பிறகு மாற்றுவது வேண்டாத வேலை.

இலவச இணையச் சேமிப்பு 300 மெகாபைட்தான். பழைய சஞ்சிகை ஸ்கேன்கள் சிலவற்றிலேயே நிரம்பிவிடும். 2 ஜிகாபைட்டுக்கு ஆண்டுக்கு 20 டொலர். அந்தச் செலவு தேவையில்லை. அமைப்பில் கோப்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்துங்கள். பதிவுகளும் குறிப்புகளும் வரம்பின்றி ஏறும், டேட்டாவும் மிஞ்சும். கோப்புகளுக்கு, வாரம் ஒருமுறை ஸொட்டேரோவை மூடிவிட்டு அதன் தரவுக் கோப்புறையைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அந்தக் கோப்புறையை கூகுள் டிரைவுக்குள்ளோ டிரொப்பொக்ஸுக்குள்ளோ நிரந்தரமாக வைக்கப் போனால் தரவுத்தளமே பழுதாகலாம்.

தமிழில் ஆய்வேடு எழுதுவோருக்கு ஒன்று. பாணியின் மொழி ஆங்கிலமாக இருந்தால், மொழிபெயர்ப்பாளர் என்பதற்கான சுருக்கமும் ஆங்கிலத்திலேயே விழும். எல்லாம் முடிந்தபின் ஆவணத்தின் பிரதியொன்றை எடுத்து, அதில் மேற்கோள்களை வெறும் எழுத்தாக்கும் 'அன்லிங்க்' கொடுத்துவிட்டு, அந்தச் சுருக்கத்தைத் தேடி மாற்றுங்கள். மூல ஆவணத்தில் இதைச் செய்தால் பிறகு ஒரு மேற்கோளைச் சேர்த்தாலும் பட்டியல் தானாகத் திருந்தாது.